ஏழேகால் தலை

என் தலை 58 சென்டிமீட்டர். புருவத்துக்குச் சற்று மேலே, காதுக்கு ஒரு விரல் மேலே, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி டேப் பிடித்தால் வருகிற அளவு. அமெரிக்கத் தொப்பிக் கணக்கில் 7¼. இணையத்தில் பழைய தொப்பி வாங்க ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்கும் நண்பர்கள் யாருக்கும் தன் தலையின் அளவு தெரிவதில்லை. சட்டை அளவு தெரியும், செருப்பு அளவு தெரியும். தலையைக் கேட்டால் "நார்மல் சைஸ்தான்" என்பார்கள்.

டொராண்டோ குளிருக்குக் கம்பளிக் குல்லாவே போதும். ஆனால் எனக்கு ஃபெல்ட் தொப்பி, அதாவது ரோமத்தை அழுத்திச் செய்த துணியாலான தொப்பி மேல் பைத்தியம். ஜான் ஸ்டெட்சன் 1865இல் பிலடெல்பியாவில் ஆரம்பித்த கம்பெனியின் ஃபெடோரா (சுற்றிலும் விளிம்பு வைத்து, உச்சியில் மடிப்பு விழுந்த தொப்பி) ஒன்று, 1950களில் செய்தது, விற்பனைக்கு வந்தது. சாம்பல் நிறம், கறுப்பு ரிப்பன். உள்ளே தோல் பட்டைக்குப் பின்னால் இருந்த குட்டிச் சீட்டையும் விற்றவர் படம் பிடித்துப் போட்டிருந்தார்: 7¼. ஜாதகம் பொருந்திவிட்டது என்று 65 டாலர் கட்டினேன்.

வந்த தொப்பி தலையில் இறங்காமல் உச்சியில் உட்கார்ந்துகொண்டது. அழுத்தி இறக்கினால் பத்தே நிமிடத்தில் நெற்றியில் சிவப்புக் கோடு. உள்ளே அளந்தேன். 56.5.

விற்றவர் பொய் சொல்லவில்லை, சீட்டும் பொய் சொல்லவில்லை. அது தொப்பி பிறந்த அன்றைய அளவு, அவ்வளவுதான். வியர்வையைத் தாங்குவதற்காக உள்ளே சுற்றித் தைத்திருக்கும் தோல் பட்டை, வருடக்கணக்காக ஹீட்டர் ஓடும் வீட்டில் கிடந்தால் காய்ந்து சுருங்கும். சுருங்கும்போது ஃபெல்ட்டையும் கூடவே இழுத்துக்கொள்ளும். அதனால் விற்பவரிடம் நான் இப்போது கேட்பது ஒன்றே ஒன்றுதான்: டேப்பைப் படுக்க வைக்காமல் அதன் ஓரத்தில் நிற்க வைத்து, தோல் பட்டையின் உட்பக்கத்தை ஒட்டி ஒரு சுற்று அளந்து, சென்டிமீட்டரில் சொல்லுங்கள். "எல்லோருக்கும் பொருந்தும்" என்று பதில் வந்தால் நகர்ந்துவிடுவேன்.

சென்டிமீட்டர் என்று அடம்பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொப்பி உலகம் இன்னும் அரைக்கால் கணக்கில்தான் ஓடுகிறது. நம் தாத்தாக்கள் வாய்ப்பாட்டில் படித்த அதே அரைக்கால், 1/8. அமெரிக்கர்கள் 7¼ என்பதை பிரிட்டிஷ்காரர்கள் 7⅛ என்பார்கள். லண்டனில் செய்த தொப்பியை அமெரிக்க எண்ணை மனதில் வைத்து வாங்கினால், அரைக்கால் பெரிதாக வரும்.

அளவு சரியாக இருந்தாலும் வடிவம் என்று ஒரு வம்பு இருக்கிறது. என் மண்டை நீள வாக்கு. முன்னும் பின்னும் இடிக்கும், காதுப் பக்கம் காற்று போகும். 1840களிலேயே பாரிஸில் இதற்கொரு கருவி கண்டுபிடித்தார்கள். தலையில் கவிழ்த்தால் மண்டையின் வளைவுகளைச் சின்னதாக்கி ஒரு காகிதத்தில் குத்திக் கொடுத்துவிடும். இணையத்தில் வாங்குகிற நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சரி, 56.5க்கு வருவோம். ஆவி காட்டினால் ஃபெல்ட் இளகும் என்று எங்கோ படித்திருந்தேன். வீட்டில் ஆவிக்கா பஞ்சம்? இட்லிப் பானையைத் திறந்து, தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்தேன். ஃபெல்ட் இளகத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன்பே உள்ளே இருந்த தோல், எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி, கண்ணெதிரே சுருண்டு விறைத்துப்போனது. காய்ந்த பழந்தோலில் சூடான ஆவி படவே கூடாதாம். பட்டையை வெளியே புரட்டிவிட்டு ஃபெல்ட்டுக்கு மட்டும் காட்ட வேண்டும். அப்புறம் நடுவில் திருகு வைத்த மரக்கட்டையை உள்ளே வைத்து, அரைத் திருப்பு திருப்பி, இரவு முழுக்க விட வேண்டும். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் ஃபெல்ட்டுக்கான ரோமத்தைப் பாதரசம் போட்டுப் பதப்படுத்துவார்கள். அமெரிக்காவில் 1941 டிசம்பரில்தான் அதற்குத் தடை வந்தது. அதற்கு முந்தைய தொப்பிகளைச் சமையலறையில் வைத்துச் சூடாக்குவது விபரீதம். என்னுடையது ஐம்பதுகளுடையது, தப்பித்தேன். ஆனாலும் விஷயத்தைக் கேட்ட என் மனைவி அந்தப் பானையை மறுபடி அடுப்பில் ஏற்றவில்லை. இப்போது அதில் கறிவேப்பிலைச் செடி வளர்கிறது.

கட்டை வைத்துத் திருகினாலும் ஒரு சென்டிமீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். வெளியே இறுக்கித் தைத்த ரிப்பன் விடாது, மீறித் திருகினால் பழைய நூல் பட்டென்று போகும். அதனால் நான் சொல்வது: சந்தேகமாக இருந்தால் ஒரு சுற்றுப் பெரிதாகவே வாங்குங்கள். பெரிசைச் சின்னதாக்க இரண்டு டாலர் ஃபோம் பட்டை போதும். தோல் பட்டைக்குப் பின்னால், எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே மட்டும் சொருக வேண்டும். என் மாதிரி நீளத் தலைக்காரர்களுக்குக் காதோரம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு.

அப்படித்தான் அடுத்த முறை 59 வாங்கினேன். ஃபோம் சொருகலாம் என்று பட்டையைப் புரட்டினால், உள்ளே ஏற்கெனவே எதுவோ இருந்தது. நீளமாக நாலாய் மடித்த செய்தித்தாள். பழுத்து மஞ்சளாகி, ஒரு ஓரத்தில் பேஸ்பால் ஸ்கோர். யாரோ ஒரு மனிதர் தனக்குப் பெரிதாக இருந்த தொப்பியை வைத்துக்கொண்டு, காலையில் படித்து முடித்த பேப்பரைக் கிழித்திருக்கிறார். அப்படியே தலையில் வைத்துப் பார்த்தேன். கச்சிதம். ஃபோம் இன்னும் பிரிக்காமல் டிராயரில் கிடக்கிறது.