ஸ்தீவாவுக்கு என்ன ஆயிற்று?

ஞாயிற்றுக்கிழமை 'அன்னா கரீனினா' படத்தின் திரையிடலில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்கள் இரண்டு நாட்களாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கணவனையும் மகனையும் விட்டுக் காதலனோடு போய், கடைசியில் ரயில் முன் விழுந்து சாகும் அன்னாவைப் பற்றி, "பிள்ளையை விட்டுவிட்டுப் போனவளுக்கு ரயில்தான் சரியான முடிவு" என்று ஒரு நண்பர் சொன்னபோது அரங்கில் பாதிப்பேர் கைதட்டினார்கள். அவர் சொன்னதைவிட அந்தக் கைதட்டல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். அன்னா கரீனினாவை நிறுத்த தராசில் அவளுடைய அண்ணன் ஸ்தீவாவையும் நிறுத்துப் பாருங்கள். டால்ஸ்டாய் நாவலைத் தொடங்குவதே அவனுடைய துரோகத்தில்தான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்த பிரெஞ்சுக்காரியோடு அவனுக்கு இருந்த உறவு தெரிந்துபோய், ஐந்து பிள்ளைகளின் தாயான அவன் மனைவி டாலி அறைக்குள் உடைந்து கிடக்கிறாள். அந்த வீட்டை ஒட்டவைக்கத்தான் அன்னா பீட்டர்ஸ்பர்கிலிருந்து மாஸ்கோவுக்கு ரயிலேறி வருகிறாள். அண்ணியிடம் பேசி அண்ணனுக்கு மன்னிப்பு வாங்கித் தருகிறாள். அந்தப் பயணத்தில்தான் அவள், பிறகு காதலனாகப்போகும் விரான்ஸ்கியைச் சந்திக்கிறாள். பிறகு அதே தவறு அவள் பெயரில் எழுதப்பட்டபோது ஊரே கதவை அடைத்துக்கொண்டது. அண்ணன் விருந்து மேசையில் சிப்பி தின்றுகொண்டிருந்தான்.

ஜோ ரைட் 2012இல் எடுத்த அந்தப் படத்தின் பெரும்பகுதி ஒரு நாடக அரங்குக்குள் நடப்பதை "வெறும் ஜிகினா" என்றும் அந்த நண்பர் தள்ளிவிட்டார். இசை நாடகக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேடையில் பாடுபவர்களை விட்டுவிட்டு அத்தனை கண்களும் அன்னாவாக நடித்த கீரா நைட்லியின் பக்கம் திரும்புகின்றன. பக்கத்து இருக்கைப் பெண் அவளருகே உட்காருவதே இழிவு என்று எழுந்து போகிறாள். நாவலில் அதே இரவில் விரான்ஸ்கியும் அங்கே இருக்கிறான். தன் தாயின் மாடத்துக்குப் போய்ப் பேசுகிறான், நண்பர்களோடு நிற்கிறான், அவனைப் பார்த்து யாரும் எழுந்து போகவில்லை. இதைக் காட்ட நாடக அரங்கைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையை விட்டாளே என்பீர்கள். விட்டாளா, பிரிக்கப்பட்டாளா? அன்றைய ருஷ்யாவில் விவாகரத்து திருச்சபையின் கையில் இருந்தது. கள்ள உறவில் குற்றவாளி என்று தீர்ப்பானவர் மறுமணம் செய்ய முடியாது. விரான்ஸ்கிக்குப் பிறந்த பெண் குழந்தைகூடச் சட்டப்படி கணவன் கரேனினின் மகள்தான். மகன் செர்யோஷாவிடம் அம்மா இறந்துவிட்டாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவனுடைய பிறந்தநாளன்று விடியற்காலையில் தன் பழைய வீட்டுக்குள் திருடியைப் போல நுழைந்து, சில நிமிடங்கள் அவனைத் தழுவிக்கொண்டு, கணவன் வரும் சத்தம் கேட்டு ஓடி வருகிறாள். முந்தைய நாள் அவள் தேடித் தேடி வாங்கிய பொம்மைகள் பிரிக்கப்படாமலே அவளோடு திரும்பி வருகின்றன. இதைப் படித்துவிட்டுமா கைதட்டினீர்கள்?

கரேனின் ஒரு கட்டத்தில் விவாகரத்துக்குச் சம்மதித்தார், அவள்தான் மறுத்தாள் என்று பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், அதில் எனக்கும் அவள்மீது கோபம் உண்டு. "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதில் செய்வேன்" என்று டால்ஸ்டாயே முகப்பில் எழுதினாரே என்று இன்னொருவர் கேட்கிறார். ஐயா, அது பைபிளில் கடவுள் தனக்கென்று வைத்துக்கொண்ட உரிமை. அரங்கில் உட்கார்ந்து கைதட்டியவர்களுக்கு அதை யார் எழுதிக் கொடுத்தார்கள்?

இந்தப் படத்தை முதன்முதலில் நான் அம்மாவோடு பார்த்தேன். அம்மா எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவர் இல்லை; வசனங்களை நான்தான் சொல்லிக்கொண்டே வந்தேன். கரேனினாக நடித்த ஜூட் லா பூத்த புல்வெளியில் இரண்டு குழந்தைகளோடு இருக்கும் கடைசிக் காட்சி முடிந்ததும், அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அந்த அண்ணன்காரனுக்கு என்ன ஆச்சு?" ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் பேசினீர்களே, ஒருவருக்காவது அந்தக் கேள்வி வந்ததா?

அந்தப் புல்வெளி அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அம்மாவின் கேள்விக்குப் பதில் நாவலின் எட்டாம் பாகத்தில் இருக்கிறது. செர்பியப் போருக்குப் போன தன்னார்வலர்களைப் பற்றிய டால்ஸ்டாயின் கருத்து பிடிக்காமல் பத்திரிகை ஆசிரியர் கத்கோவ் வெளியிட மறுக்க, 1877இல் டால்ஸ்டாயே தனியாக அச்சிட்ட பாகம் அது. அதில் ஸ்தீவா ரயில் நிலையத்தில் நிற்கிறான். தென்பகுதி ரயில்வேக்களோடு தொடர்புடைய ஒரு நிறுவனத்தில், அவன் ஆசைப்பட்ட கொழுத்த சம்பளப் பதவி கிடைத்துவிட்டது. விரான்ஸ்கி அதே ரயிலில் போருக்குப் போகிறான் என்று யாரோ சொல்ல, ஸ்தீவாவின் முகம் ஒரு கணம் வாடுகிறது. அடுத்த நிமிடமே தங்கையின் உடல்மேல் விழுந்து கதறியதை முற்றிலும் மறந்து, பழைய நண்பனைப் பார்க்க உற்சாகமாக நடக்கிறான்.

அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தங்கச்சி ரயில்ல போனா, இவனுக்கு ரயில்லயே உத்தியோகமா?" என்றார்.