ஷி ஜின்பிங் 'ஆயுட்கால அதிபர்' ஆக்கப்பட்டாரா?

2018இல் சீன நாடாளுமன்றம் ஷி ஜின்பிங்கை ஆயுள் முழுக்க அதிபராக அறிவித்துவிட்டது என்று ஒரு செய்தி இன்னும் சுற்றுகிறது. அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. அந்த மார்ச்சில் அதிபர் பதவிக்காலம் தொடர்பாக அரசியல் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது, அதிபரும் துணை அதிபரும் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்ற வரி மட்டும்தான். பதவிக்காலம் இன்றும் ஐந்தாண்டு. 2023இல் அவர் மறுபடி தேர்வானார், எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை என்பது வேறு கதை.

சரி, அதிகாரம் உண்மையில் எங்கே? ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பதவியிலும், ராணுவத்தை வழிநடத்தும் மத்திய ராணுவ ஆணையத்தின் தலைமையிலும்தான், அந்த இரண்டிலும் எத்தனை முறை இருக்கலாம் என்று எழுத்தில் உச்சவரம்பு எப்போதுமே இருந்ததில்லை. டெங் சியாவோபிங் அதிபராக ஒருநாளும் இருக்காமலே நாட்டை நடத்தினார். ஜியாங் ஜெமின் 2003இல் அதிபர் பதவியை விட்ட பிறகும் 2004 வரை ராணுவ ஆணையத்தைக் கையில் வைத்திருந்தார்.