புனித பேதுரு பேராலயத்துக்கு டிக்கெட் தேவையில்லை

ரோமுக்குப் போகிறவர்களுக்கு யோசனையாக ஒருவர், "வத்திக்கான் மியூசியம் டிக்கெட் இருந்தால்தான் புனித பேதுரு பேராலயத்துக்குள் விடுவார்கள்" என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. பேராலயத்துக்குள் போகக் கட்டணமே கிடையாது. பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் வரிசையில் நின்று பாதுகாப்புச் சோதனையைத் தாண்டினால் போதும். டிக்கெட் வேண்டியது அருங்காட்சியகங்களுக்கும் அவற்றோடு சேர்ந்த சிஸ்டைன் சிற்றாலயத்துக்கும்தான்; அவற்றின் வாசலே வேறு, வடக்கு மதிலைச் சுற்றி நடக்க வேண்டும்.

அந்தத் தவறான தகவலை நம்பி யாராவது பேராலயத்தையே விட்டுவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் சிற்பி மைக்கலாஞ்சலோவின் பியத்தா சிலை. மகன் இயேசுவின் உடலை மடியில் ஏந்திய மரியாள், ஒரே பளிங்குக் கல்லில். அதைச் செதுக்கியபோது அவருக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை! 1972-இல் ஒருவன் சுத்தியலால் தாக்கியதிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. இதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

குவிமாடத்தில் ஏறத்தான் பணம்: 551 படிகள், லிஃப்டில் போனாலும் 320 மிச்சம். அப்புறம், தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு இருக்கும் புதன்கிழமைக் காலையைத் தவிர்த்துவிடுங்கள். (ரோமில் உள்ள பாந்தியனுக்கு, அதாவது இப்போது தேவாலயமாக இருக்கும் பழைய ரோமானியக் கோயிலுக்கு, 2023 ஜூலை முதல் கட்டணம் உண்டு, குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.)