விரலுக்குப் பணம் கொடுத்தால் போதுமா?

போன ஆடியில் எங்கள் சித்தப்பாவுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. மதுரை வில்லாபுரம் பக்கம் ஒரு எவர்சில்வர் பட்டறையில் 17 வருடமாகப் பிரஸ் ஓட்டியவர். தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் பிரஸ் இறங்கிவிட்டது. கை உள்ளே இருந்தால் மெஷின் இறங்காதபடி தடுப்பு ஒன்று இருக்க வேண்டும். வேலை மெதுவாகிறது என்று அதைக் கழற்றிப் பல வருடம் ஆகிறதாம்.

மூன்றாம் நாள் முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். 40,000 ரூபாய் கொடுத்துவிட்டு, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிய தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். சித்தப்பா அழகாகக் கையெழுத்துப் போடுவார். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். சித்திதான் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தாள் செல்லவே செல்லாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அதற்கு மதிப்பில்லை என்று 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே சொன்னது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது அப்படியே இருக்கிறது. ஒரு கையில் மூன்று விரல் போனால் 30 சதவீத உழைப்புத் திறன் இழப்பு. சித்தப்பாவுக்கு வயது 40, மாதச் சம்பளம் 12,000. சம்பளத்தில் 60 சதவீதம், அதை 40 வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் 184.17 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 30 சதவீதம். கிட்டத்தட்ட 3,97,800 ரூபாய் வருகிறது. வைத்தியச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. கேட்பதற்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்பதால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கிடையாது, அதனால் முழுப் பொறுப்பும் முதலாளியுடையது.

சரி, பணம் வந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்? 40 வயது மனுஷன் மீதிக் காலம் என்ன செய்வார்?

அரசு வேலையில் இருப்பவருக்குப் பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால் அவரை நீக்கக் கூடாது, பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு பட்டறைத் தொழிலாளிக்கு இல்லை. பிரஸ் இரண்டு பேரின் விரலையும் ஒரே மாதிரிதான் நசுக்குகிறது. தனியார் முதலாளிக்கும் இந்தக் கடமையைச் சட்டமாக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

வேலை இல்லாமலா போய்விட்டது? அதே பட்டறையில் பாத்திரத்தை எடை போட வேண்டும், எண்ணிக் கட்ட வேண்டும், புதிதாக வரும் பையன்களுக்குத் தகடு பிடிக்கச் சொல்லித்தர வேண்டும். தகட்டைச் சுண்டினாலே கனம் சொல்கிறவர் அவர். மூன்று விரல் இல்லாமலே இதைச் செய்ய முடியும்.

சங்கத் தோழர்கள் உதவியோடு மனு எழுதி முடித்து, முந்தாநாள் ராத்திரி படித்துக் காட்டினேன். தொகையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"வேலை குடுக்கச் சொல்லி அதுல எழுதலையாப்பா?" என்றார்.


எழுத முடியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.