அம்மா ரெண்டு வயசுலயே வந்துட்டாங்க சார்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்களைக் குறை சொல்லி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மேடையில் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த வீடியோவை ஆளாளுக்கு அனுப்பி "கரெக்டாதானே சொல்றார்?" என்று கேட்கிறீர்கள். "போனைக் கையில கொடுத்துட்டு, நாலு வயசுல பிள்ளை பேசலன்னு தூக்கிட்டு வர்றாங்க." அதற்குக் கைதட்டல் வேறு.

அம்மா ரெண்டு வயசுலயே வந்துட்டாங்க சார். டோக்கன்தான் நாலு வயசுல வந்தது.

ஏற்காட்டுக்கு மேலே எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது மாதப் பிள்ளை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆறு மாசம் போச்சு. பார்த்துவிட்டாலும் சேலத்துக்குத்தான் சீட்டு எழுதுவார்கள். அங்கே முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க பெரா டெஸ்ட்.

பெராவுக்குப் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். அதனால் விடியற்காலையிலேயே எழுப்பி, தூங்க விடாமல் கூட்டி வரச் சொல்வார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும் பஸ்ஸில் எந்தப் பிள்ளை முழித்திருக்கும்? அடிவாரம் வருவதற்குள் தூங்கி, டெஸ்ட் ரூமில் கண்ணை விரித்து உட்கார்ந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று அம்மா தலை நிறைய எண்ணெய் வைத்து வாரியிருப்பார். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டாது. சளி பிடித்திருந்தால் ரிசல்ட்டே சந்தேகம். மறுபடி தேதி, மறுபடி ஒரு நாள் கூலி போச்சு.

இதையெல்லாம் தாண்டினால், ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கும் இசா (ISAA) மதிப்பீடு. 40 அம்சம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க், கூட்டினால் 70-க்குக் கீழே ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. அதற்கொரு வரிசை. ரிப்போர்ட்டோடு போனால் தெரபிக்கு இன்னொரு வரிசை.

பேச்சு வராத பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி தர ரிப்போர்ட் எதற்கு? என்ன குறைபாடு என்று பேர் பிறகு வைத்துக்கொள்ளலாமே!

"டாக்டர்கள் என்ன செய்வாங்க, ஆள் பத்தல"ன்னு சொல்வீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் மேடையில் அதைச் சொல்லுங்கள். "பிரைவேட்டுக்குப் போகலாமே" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, காப்பிக் கொட்டை பறித்துப் பாருங்கள்.

போன்? நாள் முழுக்கத் திரை பார்த்தால் பேச்சு பின்தங்கும், உண்மை. ஆனால் போன் பார்ப்பதால் ஆட்டிசம் வருவதில்லை. சொல்லப்போனால் அந்தப் போன்தான் உதவும். பிள்ளை சாப்பிடும்போது, விளையாடும்போது, பேர் சொல்லிக் கூப்பிடும்போது ரெண்டு ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்து வையுங்கள். புது ரூமில் அழுதுகொண்டே இருக்கும் பிள்ளையிடம் டாக்டர் எதைப் பார்ப்பார்? சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை எந்த மாசம் நின்றது என்றும் எழுதி வையுங்கள்.

தேதி வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை, கேட்டு வாங்க வீட்டிலேயே பழக்கலாம். முறுக்கை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். பிள்ளை உங்கள் கையைப் பிடித்து இழுக்கும். உடனே திறக்காதீர்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். "தா" என்று ஒரே வார்த்தை சொல்லிக் காட்டிவிட்டுத் திறங்கள். சத்தம் வராவிட்டாலும் உங்களை நிமிர்ந்து பார்த்தால் போதும், கொடுத்துவிடுங்கள்.

இதைச் சொல்லித்தர ஒரு மேடை போதும். அந்த மேடையில்தான் அந்த அம்மாவை நிற்க வைத்துத் திட்டினீர்கள்.

அடுத்த முறை பேச வருவதற்கு முன்னால் ஏற்காட்டிலிருந்து காலையில் முதல் பஸ்ஸில் இறங்கி வாருங்கள். மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, அது தூங்காமல் பார்த்துக்கொண்டு.