பி வேல்யூ 0.05-க்கு கீழ வந்தா "95% உறுதி"யா? இல்லைங்க

நர்சிங் ஸ்டூடண்ட்ஸ் நடுவுல சுத்துற நோட்ஸ்ல, ஒரு சிகிச்சைய சோதிச்ச ஆராய்ச்சில பி வேல்யூ (p-value, புள்ளியியல் கணக்குல வர்ற ஒரு எண்) 0.05-க்கு கீழ இருந்தா அந்த சிகிச்சை வேலை செய்யும்னு 95 சதவீதம் உறுதின்னு போட்டிருக்கு, இது தப்பு. நிஜத்துல சிகிச்சை எடுத்த குரூப்புக்கும் எடுக்காத குரூப்புக்கும் வித்தியாசமே இல்லைன்னு வச்சுக்கிட்டா, ஆராய்ச்சில கிடைச்ச அளவுக்கோ அதவிட பெருசாவோ வித்தியாசம் தற்செயலா வர எவ்வளவு வாய்ப்புன்னு மட்டும்தான் அது சொல்லும். பலன் எவ்வளவு பெருசுன்னு சொல்லவே சொல்லாது! ஆயிரக்கணக்கான பேர வச்சு பண்ணா, 0-ல இருந்து 10 வரைக்கும் இருக்கிற வலி ஸ்கேல்ல வெறும் 0.2 குறைஞ்சாகூட 0.05-க்கு கீழ வந்துடலாம், ஆனா அந்த 0.2 பேஷண்டுக்கு தெரியுமா? சொல்லிக்கொடுக்கறவங்க ப்ளீஸ், ஆராய்ச்சிக் கட்டுரையோட முடிவுரைய மூடி வச்சுட்டு, ஆராய்ச்சிய எப்படி பண்ணாங்கன்னு சொல்ற மெத்தட்ஸ் பகுதிய முதல்ல படிக்க வைங்க, குலுக்கல் முறைல பிரிச்சாங்களா, பாதில எத்தன பேர் விலகினாங்க, கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல் (உண்மையான பலன் எதுக்குள்ள இருக்கலாம்னு மதிப்பிடுற எண் வரம்பு) எவ்வளவு அகலம்னு அவங்களே தேடிப் பாக்கட்டும்.