நாயா, பூனையா என்று கேட்பவர்களுக்கு

“நாய் நன்றியுள்ளது, பூனை சுயநலம் பிடித்தது.” வீட்டில் ஏதாவது வளர்க்கலாமா என்ற பேச்சை எடுத்ததுமே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். அதோடு பேச்சு முடிந்தது. அடுத்த வாரமே இரண்டாவது மாடி வீட்டுக்கு ஒரு லாப்ரடார் குட்டி வந்து சேர்கிறது. நாய், பூனை இரண்டையும் வளர்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: கணவனும் மனைவியும் வேலைக்குப் போய், பிள்ளைகள் பள்ளியிலிருந்து நேராக டியூஷனுக்குப் போகும் வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பூனைதான் ஏற்றது.

நாய்மீது பாசம் இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். கூட்டமாக வாழும் ஓநாயின் வழியில் வந்தது நாய். ஜெர்மனியில் ஓபர்காசல் என்ற இடத்தில் ஓர் ஆணோடும் பெண்ணோடும் சேர்த்துப் புதைக்கப்பட்ட நாயின் எலும்புகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் பழையவை. மனிதன் நிலத்தை உழுவதற்கு முன்பே நாய் அவனோடு இருந்திருக்கிறது. அத்தனை காலம் நம்மை ஒட்டியே வாழ்ந்து பழகிய உயிரைக் காலையில் பால்கனியில் கட்டிவிட்டு, இருட்டிய பிறகு வந்து அவிழ்த்துவிடுவது என்ன நியாயம்?

எங்கள் எதிர் பிளாக்கில் அப்படி ஒரு நாய் இருக்கிறது. வீட்டுக்காரர்களின் வண்டி கேட்டைத் தாண்டியதும் குரைக்கத் தொடங்கும். பதினொரு மணி வாக்கில் குரல் கம்மிப்போய், குரைப்பு ஒருவித முனகலாக மாறிவிடும். பிறகு முன்னங்காலை நக்க ஆரம்பிக்கும். ஒரே இடத்தை நக்கி நக்கி அங்கே முடி உதிர்ந்து, தோல் சிவந்து கிடக்கிறது. தண்ணீர் இருக்கிறது, விலை உயர்ந்த தீனி இருக்கிறது, தலைக்கு மேல் மின்விசிறிகூட இருக்கிறது. ஆள்தான் இல்லை. கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் பொறுக்காமல் சங்கத்தில் புகார் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லாரும் நாயைத்தான் குறை சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பூனையின் வரலாறே வேறு. அதன் மூதாதையான காட்டுப்பூனை தனியாக வேட்டையாடும் விலங்கு. மனிதன் தானியம் சேர்க்கத் தொடங்கியதும் எலிகள் வந்தன, எலிகளைத் தேடிப் பூனையும் வந்தது. பகலின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். ஆள் இல்லாத வீட்டில் ஜன்னலோரம் சுருண்டு படுத்திருப்பது அதற்குத் தண்டனை அல்ல. அதற்காகப் பல நாள் தனியே பூட்டிவிட்டு ஊருக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. காலையும் மாலையும் கொஞ்ச நேரம் அதோடு விளையாட வேண்டும், அது மலஜலம் கழிக்கும் மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். பால்கனிக்கு வலை அடிப்பதும் கட்டாயம். ‘பூனை எங்கிருந்து விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும்’ என்று நம்பி, மாடியிலிருந்து விழுந்து தாடை உடைந்த பூனைகளோடு மருத்துவமனைக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பூனைக்குப் பாசம் கிடையாது என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ என்று பேசிக்கொள்வது அபூர்வம். அந்தக் குரலைப் பெரும்பாலும் நம்மிடம் பேசுவதற்குத்தான் வைத்திருக்கின்றன. வாலைச் செங்குத்தாக உயர்த்திக்கொண்டு உங்களிடம் வந்தால் அது வரவேற்பு. எங்கள் வீட்டுப் பூனை நான் பேப்பர் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தபடியே மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கும். நானும் அப்படியே செய்தால் எழுந்து வந்து நெற்றியால் என் முழங்கையை முட்டும். பூனை பாசத்தைக் காட்டும் விதம் அவ்வளவுதான். குதித்து முகத்தை நக்குவதை மட்டுமே அன்பு என்று கணக்கு வைத்தால் இது கண்ணில் படாமலே போய்விடும்.

ஆனால் பூனை வளர்ப்பது செலவில்லாத காரியம் என்று யாரும் எண்ண வேண்டாம், சாப்பாட்டு விஷயத்தில் குறிப்பாக. நாய் நம்மோடு வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கும் திறனைப் பெற்றுவிட்டது. சோற்றோடு முட்டையும் கறியும் சேர்த்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். பூனைக்கு இறைச்சி இல்லாமல் உடம்பு நிற்காது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து போதிய அளவு கிடைக்காவிட்டால் அதன் கண்ணும் இதயமும் கெட்டுவிடும். தயிர்சாதமே போட்டு வளர்ப்பது அதைப் பட்டினி போடுவதற்குச் சமம். வீட்டுக்குள் மீனோ இறைச்சியோ அது கலந்த தீனியோ வரக்கூடாது என்பவர்கள் பூனை ஆசையை விட்டுவிடுங்கள். கதைகளில் வரும் பால் கிண்ணத்தையும் மறந்துவிடுங்கள், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றைக் கலக்கிவிடும். இன்னொன்று, காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும்.

சரி, நாய் யாருக்கு? வாசலும் திண்ணையும் உள்ள வீடு, பகலில் ஆள் இருக்கும் வீடு, ஓய்வுபெற்ற அப்பா அம்மா இருக்கும் வீடு. என் அப்பாவை மருத்துவர் சொல்லியும் நடக்க வைக்க முடியவில்லை. எங்கள் நாய் காலை ஐந்தரைக்குச் செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து அவர் கட்டிலருகே போடும், மறுபேச்சில்லாமல் கிளம்பிவிடுவார். எந்தப் பூனையும் அதைச் செய்யாது.

அப்படி வளர்ப்பவர்களும் தயவுசெய்து ஹஸ்கி வாங்காதீர்கள். சைபீரியக் குளிருக்கான இரட்டை ரோமப் போர்வையோடு, சென்னையின் மே மாதத்தில் அது மூச்சிரைப்பதைப் பார்க்க மனம் பதறுகிறது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மூக்கு நசுங்கிய ‘பக்’ இன நாய்க்கு அதுவும் சரியாக முடியாது. தட்டை முகப் பெர்சியன் பூனைக்கும் மூச்சுத் தொல்லை உண்டு. நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இந்த வெயிலுக்குப் பழகியவை. ஆனால் அவை வேட்டை நாய்கள், ஓடுவதற்கு இடம் வேண்டும். தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வளர்ப்பதே எல்லாவற்றிலும் நல்லது.

எதை வளர்த்தாலும் ரேபிஸ் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. அது நாய்க்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் ரேபிஸ் வரலாம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையையும் தள்ளிப்போடாதீர்கள். சினையான பூனை இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும். அந்தக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தை ஓரத்தில் விடுபவர்களும் நம் அக்கம்பக்கத்தினர்தான்.

பூனை வாங்க முடிவு செய்தவர்களுக்கு ஒன்று. நாய்க்கு நோவு வந்தால் வீடே அறியும், பூனை மறைத்துக்கொள்ளும். ஆண்பூனை அடிக்கடி மண் தட்டுக்குப் போய் முக்கிவிட்டு, சிறுநீர் வராமல் திரும்பினால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரவானாலும் சரி, அப்போதே கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.